1+2+3+4+… = −1/12: இதைக் கூட்டுத்தொகை என்று சொல்லலாமா?

இரண்டாமாண்டு:

எல்லோருக்கும் வணக்கம். பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், ரியல் அனாலிசிஸில் இப்போது தொடர்கள் நடத்துகிறார்கள். 1+2+3+4+… விரியும் தொடர், பகுதிக் கூடுதல்கள் 1, 3, 6, 10, 15 என்று ஏறிக்கொண்டே போகும், எல்லை கிடையாது என்று வகுப்பில் இரண்டு வரியில் முடித்துவிட்டார்கள். அது புரிகிறது. ஆனால் விடுதியில் என் அறைத்தோழி எம்.எஸ்சி. இயற்பியல். அதன் மதிப்பு −1/12 என்று அடித்துச் சொல்கிறாள், ராமானுஜனே எழுதியிருக்கிறார், சோதனையிலும் பார்த்தாகிவிட்டது என்கிறாள். அவள் போட்டுக் காட்டிய கணக்கு இது:

க = 1+2+3+4+5+6+…
4க = 4+8+12+…
இரண்டாவது வரியை ஒன்று விட்டு ஒன்றின் கீழே, அதாவது 2, 4, 6-க்குக் கீழே வைத்துக் கழித்தால்
−3க = 1−2+3−4+5−6+… = 1/4
ஆகவே க = −1/12

நேர் முழு எண்களை மட்டுமே கூட்டிக்கொண்டு போனால் குறைப் பின்னம் எங்கிருந்து வருகிறது? எந்த வரியில் கோளாறு என்று யாராவது விரல் வைத்துக் காட்டுங்கள். இரண்டு நாளாக இதே சிந்தனைதான், அடுத்த பாடத்தில் மனம் போகவில்லை.

டெல்டா_எப்சிலான்:

கூட்டுத்தொகை இல்லை. இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. முடிவிலாத் தொடரின் கூட்டுத்தொகை என்றால் பகுதிக் கூடுதல்களின் எல்லை. உங்கள் தொடருக்கு எல்லை இல்லை, கதை முடிந்தது.

சரி, எல்லையை விட்டுவிட்டு வேறு ஏதாவது ஒரு விதியை வைத்து மதிப்புக் கொடுக்கலாமே என்று கேட்பார்கள். அந்த விதி இரண்டு காரியத்தைச் செய்தால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு தொடர்களைக் கழித்தால் மதிப்புகளும் கழிய வேண்டும், முன்னால் ஒரு 0 சேர்த்தால் மதிப்பு மாறக்கூடாது. ரொம்ப எளிய எதிர்பார்ப்பு. இப்போது பாருங்கள்.

க = 1+2+3+4+…
க = 0+1+2+3+…
கழித்தால் 0 = 1+1+1+1+…
இதற்கும் முன்னால் ஒரு 0 போடுங்கள்: 0 = 0+1+1+1+…
மறுபடியும் கழித்தால் 0 = 1.

ஆகவே இந்த இரண்டு விதியையும் மதிக்கிற எந்த முறையாலும் இந்தத் தொடருக்கு மதிப்புக் கொடுக்க முடியாது. −1/12 மட்டுமில்லை, எந்த எண்ணும் முடியாது. உங்கள் தோழியின் கணக்கில் விரல் வைக்க வேண்டிய இடம் 4க வரி. 4+8+12+… என்பதை 0+4+0+8+0+12+… என்று ஆக்கும்போது இடையில் பூஜ்யங்கள் நுழைகின்றன. ஒருங்கும் தொடரில், அதாவது எல்லை உள்ள தொடரில், அது ஒன்றும் செய்யாது. இங்கே ஒவ்வொரு பூஜ்யத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

கடைசியில் வந்த 1−2+3−4+… = 1/4 மட்டும் வேறு வகை. அதுவும் விரியும் தொடர்தான், ஆனால் ஏபெல் முறையில் அதற்கு ஒழுங்கான மதிப்பு உண்டு. 1−2எக்ஸ்+3எக்ஸ்²−… என்பது 1/(1+எக்ஸ்)². எக்ஸ் 0.9 என்றால் 0.277, 0.99 என்றால் 0.2525, 1-ஐ நெருங்க நெருங்க 1/4. அந்தப் பக்கம் 1+2எக்ஸ்+3எக்ஸ்²+… என்பது 1/(1−எக்ஸ்)², எக்ஸ் 1-ஐ நெருங்கும்போது வெடித்துவிடும். ஏபெலாலும் காப்பாற்ற முடியாது.

கோவை_நிரலர்:

அப்படியானால் ராமானுஜன் எழுதியது தவறு என்கிறீர்களா?

சாக்பீஸ்:

கல்லூரியில் கணிதம் நடத்துகிறவன், வரலாற்றுப் பகுதியை நான் சொல்கிறேன், ஏனென்றால் அரைகுறையாகத்தான் எல்லா இடத்திலும் சுற்றுகிறது.

ராமானுஜன் சென்னைத் துறைமுகக் கழகத்தில் கணக்குப் பிரிவு எழுத்தராக இருந்தபோது கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதம் 1913 ஜனவரி 16 தேதியிட்டது. எல்லோரும் சொல்கிற அந்த −1/12 வரி வருவது ஹார்டியின் பதில் கிடைத்த பிறகு, பிப்ரவரி 27 அன்று எழுதிய அடுத்த கடிதத்தில். அதில் அவர் சொல்வது என்னவென்றால், லண்டனில் ஒரு கணிதப் பேராசிரியர் முன்பு தனக்கு எழுதிய மாதிரியே நீங்களும் எழுதுவீர்கள் என்று நினைத்தேன், அவர் விரியும் தொடர்களின் படுகுழியில் விழாதே, முடிவிலாத் தொடர்கள் பற்றிய பிராம்விச்சின் புத்தகத்தைப் படி என்று சொன்னார். நான் என் முறைகளைச் சொல்லியிருந்தால் அந்தப் பேராசிரியரின் பதில்தான் கிடைத்திருக்கும். என் கோட்பாட்டின்படி 1+2+3+4+… = −1/12 என்று சொன்னால் பைத்தியக்கார ஆஸ்பத்திரிதான் எனக்கு இடம் என்று உடனே காட்டிவிடுவீர்கள்.

'என் கோட்பாட்டின்படி' என்பதைக் கவனியுங்கள். அவருக்கு இந்தத் தொடர் ஏறிக்கொண்டே போகும் என்று தெரியாதா என்ன? நோட்டுப் புத்தகத்தின் ஆறாம் அத்தியாயத்தில் அவர் ஒவ்வொரு தொடருக்கும் ஒரு 'மாறிலி' உண்டு என்று வைத்து, அது ஒரு பொருளுக்குப் புவியீர்ப்பு மையம் எப்படியோ அப்படி என்கிறார். பகுதிக் கூடுதல் எவ்வளவு வேகமாக வளர்ந்தாலும், வளர்கிற பகுதியைப் பிரித்துவிட்டால் நிற்கிற எண் அது. கூட்டலைத் தொகையீட்டோடு இணைக்கும் ஆய்லர்–மெக்லாரின் சூத்திரத்தில் இருந்து அதை எடுக்கிறார். முதல் பதிவில் போட்டிருக்கிற அந்த 4க கணக்கும் அவருடைய முதல் நோட்டிலேயே இருக்கிறது, யூடியூப்காரர்கள் கண்டுபிடித்தது இல்லை.

ஹார்டிக்கு அது −1/12 என்று பார்த்ததும் பிடிபட்டிருக்கும், ரீமான் 1859-இல் விரிவாக்கிய ஜீட்டா சார்பின் −1-இல் உள்ள மதிப்பு அதுவே. 1, 2, 3… எண்களை ஏதாவது ஒரு அடுக்குக்கு உயர்த்தி, தலைகீழாக்கிக் கூட்டும் தொடரில் இருந்து பிறக்கிற சார்பு அது; அடுக்கு −1 என்றால் அந்தத் தொடர் பார்வைக்கு 1+2+3+… ஆகிவிடும். ஹார்டி கடைசியாக எழுதிய புத்தகமும் விரியும் தொடர்கள் பற்றியதுதான், அவர் இறந்த பிறகு 1949-இல் வந்தது. கும்பகோணத்தில் வளர்ந்த ஒரு பையன், ஜீட்டா சார்பை யாரும் சொல்லித் தராமல், வேறொரு பாதையில் அதே எண்ணுக்கு வந்து சேர்ந்தான் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கும். அதனால்தான் 'சமம்' என்ற குறியை மட்டும் பிடித்துக்கொண்டு அவரைத் தவறு என்பதும், அதே குறியை வைத்துக்கொண்டு மாயாஜாலம் மாதிரிக் காட்டுவதும் இரண்டுமே எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வெற்றிடம்:

எம்.எஸ்சி. இயற்பியல். தோழி சொன்ன சோதனை காசிமிர் விளைவாக இருக்கும். 1948-இல் டச்சு இயற்பியலாளர் காசிமிர் கணித்தது: மின்னூட்டமே இல்லாத இரண்டு உலோகத் தகடுகளை வெற்றிடத்தில் மிக நெருக்கமாக இணையாக வைத்தால் ஒன்றையொன்று இழுக்கும். 1997-இல் லாமரோ தட்டையான ஒரு பரப்பும் கோள வடிவில் ஒரு பரப்பும் வைத்து நன்றாக அளந்தார், அடுத்த ஆண்டே மொஹிதீனும் ராயும் அணுவிசை நுண்ணோக்கியை வைத்து இன்னும் துல்லியமாக அளந்தார்கள். இணைத் தகடுகளுக்கு 1 மைக்ரோமீட்டர் இடைவெளியில் அழுத்தம் சுமார் 0.0013 பாஸ்கல், அதாவது காற்றழுத்தத்தில் ஏறத்தாழ 8 கோடியில் ஒரு பங்கு. சின்னதுதான், ஆனால் இடைவெளியைப் பாதியாக்கினால் 16 மடங்காகும்.

இதில் 1+2+3+… எங்கே வருகிறது என்றால், ஒரே ஒரு பரிமாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு சுவருக்கு நடுவே நிலை அலைகள்தான் நிற்க முடியும், அவற்றின் அதிர்வெண்கள் அடிப்படை அதிர்வெண்ணின் 1 மடங்கு, 2 மடங்கு, 3 மடங்கு. ஒவ்வொரு அலைக்கும் குவாண்டம் கணக்கில் தணிக்கவே முடியாத பூஜ்யப்புள்ளி ஆற்றல் உண்டு, அது அதிர்வெண்ணுக்கு நேர் விகிதம். எல்லாவற்றையும் கூட்டினால் உங்கள் தொடர் வந்து நிற்கும். அந்த இடத்தில் −1/12 போட்டால் சரியான விசை கிடைக்கிறது.

டெல்டா_எப்சிலான்:

'போட்டால்' என்பதுதான் பிரச்சினை. முடிவிலி வந்த இடத்தில் ஒரு எண்ணைப் போட்டு, சோதனையோடு ஒத்துப்போகிறது என்று சொல்வது நிரூபணம் ஆகாது. முடிவிலி எங்கே போனது என்று யாராவது கணக்குக் காட்ட வேண்டும்.

வெற்றிடம்:

காட்டலாம், காட்டியும் இருக்கிறார்கள். பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்தை மிச்சப்படுத்தத்தான் −1/12-ஐ நேரே போட்டுவிடுகிறார்கள், அந்த ஒரு பக்கம்தான் முக்கியமே.

உண்மையான உலோகம் எல்லா அலையையும் தடுக்காது. அதிர்வெண் மிக உயர்ந்தால், எக்ஸ் கதிர் பக்கம் போனால், தகடு அங்கே இருப்பதே அலைக்குத் தெரியாது, ஊடுருவிப் போய்விடும். அதனால் உயர் அதிர்வெண் அலைகளைக் கூட்டலில் படிப்படியாகத் தணித்துவிட வேண்டும், இது நாமாகச் செய்கிற தந்திரம் இல்லை, பொருளின் குணம். தணித்த பிறகு கூட்டல் முடிவுள்ளது. அதில் இரண்டு பகுதி வரும். ஒன்று மிகப் பெரியது, சுவர்களுக்கு இடையேயான நீளத்துக்கு நேர் விகிதமானது. இன்னொன்று −1/12 உள்ள சின்னப் பகுதி, நீளத்தின் தலைகீழ் விகிதம்.

இப்போது தகட்டுக்கு வெளியேயும் வெற்றிடம் இருக்கிறதே, அங்கேயும் இதே பெரிய பகுதி நீளத்துக்கு நேர் விகிதமாக இருக்கிறது. தகட்டைக் கொஞ்சம் நகர்த்தினால் உள்ளே குறைகிற நீளம் வெளியே கூடுகிறது, மொத்த நீளம் மாறவில்லை, ஆகவே பெரிய பகுதியின் மொத்தமும் மாறவில்லை. மாறாத ஆற்றலில் இருந்து விசை வராது. விசைக்குக் காரணமாக மிஞ்சுவது −1/12 பகுதி மட்டும். எதையும் தூக்கி எறியவில்லை, இரண்டு பக்கமும் கூட்டிப் பார்த்தால் தானாகக் கழிந்துவிடுகிறது.

கோவை_நிரலர்:

இதை நான் ஓட்டிப் பார்த்தேன், பைத்தானில் மூன்றே வரி, போனில் இருந்தால்கூட எல்லோரும் செய்யுங்கள். எப்சிலான் என்று ஒரு சின்ன எண் எடுத்துக்கொள்ளுங்கள், 0.1 என்று வைப்போம். 1-ஐ ஈ-யின் அடுக்கு −0.1 ஆல் பெருக்கு, 2-ஐ ஈ-யின் அடுக்கு −0.2 ஆல், 3-ஐ ஈ-யின் அடுக்கு −0.3 ஆல். ஈ என்றால் நம் 2.718 தான். இப்படியே தணித்துக்கொண்டே போய் எல்லாவற்றையும் கூட்டினால்:

எப்சிலான் 0.1 → 99.9167083
எப்சிலான் 0.01 → 9999.9166671

100-க்கும் 10000-க்கும் கொஞ்சம் கீழே நிற்கிறது. குறைகிற அளவைப் பாருங்கள், 0.0833. அது 1/12! எப்சிலானை எவ்வளவு சின்னதாக்கினாலும் பெரிய பகுதி 1/எப்சிலான்² ஆக ஏறுகிறது, பின்னால் அந்த −0.08333 அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. அதைத் திரையில் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். எந்த ஜீட்டாவும் இல்லை, சாதாரணக் கூட்டல்.

இரண்டாமாண்டு:

நானும் போட்டுப் பார்த்தேன், அதே எண்கள் வருகின்றன, நன்றி! ஆனால் ஒரு விஷயம் செய்து பார்த்தேன், அதற்கு விளக்கம் வேண்டும். டெல்டா அக்கா முதலில் சொன்ன மாதிரி முன்னால் ஒரு 0 சேர்த்து 0+1+2+3+… என்று வைத்து, எண்ணைப் பார்த்துத் தணிக்காமல் அது உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பார்த்துத் தணித்தேன். அதாவது 1 இரண்டாவது இடம், அதற்கு ஈ-யின் அடுக்கு −2 எப்சிலான், 2-க்கு −3 எப்சிலான். எப்சிலான் 0.001-க்கு விடை 999000.4166. பத்து லட்சம், அதில் ஆயிரம் குறைவு, மிச்சம் 0.4166. அது −1/12 இல்லை, 5/12 மாதிரி இருக்கிறது. ஒரு பூஜ்யம் சேர்த்ததற்கு இவ்வளவு மாறுமா?

டெல்டா_எப்சிலான்:

அருமை, இந்த இழையிலேயே சிறந்த பதிவு இது. 5/12 சரிதான். தணிப்பு ஒரு படி தள்ளிப்போனதால் மொத்தமும் ஈ-யின் அடுக்கு −எப்சிலான் ஆல் பெருகுகிறது. அதை விரித்தால் 1−எப்சிலான்+எப்சிலான்²/2−… முன்னால் இருக்கும் 1/எப்சிலான்² இதோடு பெருகும்போது −1/எப்சிலான் என்று ஒரு புது உறுப்பும், 1/2 என்று ஒரு மாறிலியும் பிறக்கின்றன. 1/2 − 1/12 = 5/12. என் 1=0 கணக்கு எந்தப் படியில் உடைகிறது என்பதை நீங்கள் எண்ணாகவே பிடித்துவிட்டீர்கள்: தள்ளி வைக்கும் படியில்.

இப்போது முதல் பதிவின் 4க வரிக்குத் திரும்புவோம். எண்ணைப் பார்த்துத் தணிக்கிறோம் என்றால் அந்த வரிக்கு என்ன ஆகிறது? நாம் கழிப்பது 2-இன் இரண்டு மடங்கு, 4-இன் இரண்டு மடங்கு, 6-இன் இரண்டு மடங்கு. 2-க்கு −2 எப்சிலான் தணிப்பு, 4-க்கு −4 எப்சிலான். ஆக இது 4 தரம் நம் பழைய கூட்டல், எப்சிலானுக்குப் பதில் 2 எப்சிலான் போட்டு. அதன் மதிப்பு 4 × (1/(4 எப்சிலான்²) − 1/12) = 1/எப்சிலான்² − 1/3. மேல் வரியில் இருப்பது 1/எப்சிலான்² − 1/12. கழித்தால் பெரிய பகுதிகள் இரண்டும் அச்சு அசலாக அடிபட்டு, மிஞ்சுவது 1/3 − 1/12 = 1/4. ஏபெல் கொடுத்த அதே 1/4! இந்த அர்த்தத்தில் படித்தால் ராமானுஜனின் அந்த வரி பிசகே இல்லாமல் நிற்கிறது, இடையில் வந்த பூஜ்யங்களுக்கும் பதில் கிடைத்துவிட்டது.

இன்னொன்று. தணிப்பு ஈ-யின் அடுக்காகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 0-இல் 1-ஆகத் தொடங்கி மென்மையாக இறங்கி மறைகிற எந்த வளைகோட்டையும் எடுத்துக்கொள்ளலாம். வளைகோட்டை மாற்றினால் பெரிய பகுதியின் கெழு மாறும், −1/12 மாறாது. கணித அறிஞர் டெரன்ஸ் டாவ் 2010-இல் இதை ரொம்பத் தெளிவாக எழுதியிருக்கிறார். என் நிலைப்பாடு அப்படியேதான் இருக்கிறது, −1/12 கூட்டுத்தொகை இல்லை. ஆனால் அது அந்தத் தொடரோடு ஒட்டிப் பிறந்த எண், இஷ்டத்துக்கு யாரோ ஒட்டியது இல்லை.

வெற்றிடம்:

இயற்பியல் பக்கத்தில் இருந்து ஒன்று சேர்க்கிறேன். இடத்தைப் பார்த்துத் தணித்தால் 5/12, எண்ணைப் பார்த்துத் தணித்தால் −1/12 என்றால், இயற்கை எதைத் தேர்ந்தெடுக்கும் என்ற கேள்வி வருகிறது. உலோகத்துக்கு நம் பட்டியலில் இந்த அலை எத்தனாவது என்று தெரியாது, அதன் அதிர்வெண்தான் தெரியும். அதிர்வெண் என்பது இங்கே அந்த எண்ணேதான். ஆகவே எண்ணைப் பார்த்துத்தான் தணிக்கும். பட்டியலில் முன்னால் பூஜ்யம் சேர்ப்பது காகிதத்தில் நாம் செய்கிற வேலை, தகட்டுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. அந்த −1/எப்சிலான் உறுப்பு வராததும் இதனால்தான்.

நெட்_தேர்வு:

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். தேர்வில் இந்தத் தொடர் ஒருங்குமா என்று கேட்டால் என்ன எழுதுவது?

சாக்பீஸ்:

விரியும். யோசிக்காமல் எழுதுங்கள். ஜீட்டா சார்பின் −1-இல் உள்ள மதிப்பு என்ன என்று கேட்டால் −1/12. இரண்டும் இரண்டு கேள்வி. ஜீட்டாவைத் தொடராக எழுதும் சூத்திரம் அடுக்கின் மெய்ப்பகுதி 1-ஐ விடப் பெரிதாக இருக்கும்போது மட்டும்தான் செல்லும். −1-இல் உள்ள மதிப்பு அனலிடிக் கன்டினியூவேஷன் வழியாக, அதாவது தொடர் செல்லாத இடத்துக்கும் சார்பை மென்மையாக நீட்டுவதால் வருவது, தொடரைக் கூட்டி வருவது இல்லை. இதைக் குழப்பிக்கொண்டு மதிப்பெண் இழக்கிற பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

கோவை_நிரலர்:

இதே நிரலில் 1+1+1+1+… ஓட்டினேன். எப்சிலான் 0.1-க்கு 9.508, 0.01-க்கு 99.5008. அதாவது 1/எப்சிலான், அதில் 1/2 குறைவு. ஜீட்டா சார்பின் 0-இல் மதிப்பு −1/2 என்று போட்டிருக்கிறார்கள், அப்படியே வருகிறது! டெல்டாவின் 1=0 கணக்கில் இதற்கு 0 வந்ததே, அதுவும் தள்ளி வைத்ததன் விளைவுதான் என்று இப்போது புரிகிறது. வர்க்கங்களையும் போட்டேன், 1+4+9+16+…, எப்சிலான் 0.1-க்கு 1999.99917. பெரிய பகுதி 2/எப்சிலான்³, அதாவது 2000. எப்சிலானைக் குறைத்தால் மிச்சம் பூஜ்யத்துக்குப் போகிறது. அங்கே மாறிலியே இல்லை.

இரண்டாமாண்டு:

அப்போது கனங்கள்? நானே போடுகிறேன், பொறுங்கள்.

1+8+27+64+…, எப்சிலான் 0.1. விடை 60000.00831. பெரிய பகுதி 6/எப்சிலான்⁴ என்று யூகித்தேன், அது 60000. மிச்சம் 0.00831, எப்சிலானைக் குறைத்தால் 0.00833 பக்கம் போகிறது. 1/120! இந்த முறை கூட்டல் குறி. இதற்கும் ஏதாவது உபயோகம் இருக்கிறதா, வெற்றிடம்?

வெற்றிடம்:

இருக்கிறது, உண்மையான தகடுகளின் விடை அதுதான். நான் முதலில் சொன்னது ஒரு பரிமாணக் கணக்கு, நடப்பது முப்பரிமாணத்தில். தகட்டுக்கு இணையாக ஓடும் திசைகளையும் சேர்த்துத் தொகையிட்டால் எண்கள் கனங்களாகிவிடும், −1/12 நிற்கிற இடத்தில் உங்கள் 1/120 வந்து உட்காரும். அதற்கு முன்னால் தொகையீட்டில் இருந்து ஒரு −1/6 வருகிறது, பெருக்கினால் −1/720. தகட்டின் ஒரு சதுர அலகுக்கு உள்ள ஆற்றலின் சூத்திரத்தில் 720 இருப்பது அதனால்தான். ஆற்றல் இடைவெளியின் மூன்றாம் அடுக்குக்குத் தலைகீழ், விசைக்காக வகையிட்டால் ஒரு 3 இறங்கி வந்து 240 ஆகும். காசிமிர் அழுத்தச் சூத்திரத்தின் கீழே உள்ள 240 அது. உங்கள் அறைத்தோழியின் குவாண்டம் புத்தகத்தில் அந்தச் சூத்திரம் இருக்கும், எடுத்துப் பாருங்கள்.